எல் டிரைவில் ஆளில்லை

'அட்டாச்' பொத்தானை நெவேனா மேடம் ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார். திரை வெளுத்துப் போனது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி நாங்கள் மேசையைச் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த வேகத்துக்கு நான் வார்னா போய்க் கடல்ல ஒரு குளி போட்டுட்டு வந்துடலாம் மேடம்" என்றேன்.

"போயிட்டு வா ஸ்தொயில். நீ வர்ற வரைக்கும் நான் நிம்மதியா யோசிப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அந்த ஆபீஸில் யாரும் இல்லை.

பிளோவ்திவ் ஊரின் தெற்கு ஓரத்தில், லாரிகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்து எல்லை தாண்ட வைக்கிற நிறுவனம் அது. ஒரு வாரமாக முடங்கிக் கிடந்தது. பத்திரத்தைத் திறக்கலாம், நிரப்பலாம், அழகு பார்க்கலாம். ஆனால் அதனோடு ஒரு ஃபைலைச் சேர்க்கப் போனால் போச்சு. சாஃப்ட்வேர் அப்படியே உறைந்து நின்று, கொஞ்ச நேரத்தில் மூச்சை விட்டுவிடும். ஃபைல் இல்லாத பத்திரத்தை எல்லையில் ஒருத்தரும் சீந்துவதில்லை.

முதலாளி போகோமில் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கட்டுமஸ்தான ஆள். ஆனால் ஒரு வாரத்தில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது.

"பார்த்துட்டீங்களா? சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் வந்தான். எங்க சரக்கு சுத்தம், உங்க நெட்வொர்க்லதான் கோளாறுன்னான். நெட்வொர்க்காரன் வந்தான். கம்பியெல்லாம் சுத்தம், சாஃப்ட்வேர்லதான் கோளாறுன்னான். ரெண்டு பேரும் பில்லை மட்டும் கோளாறு இல்லாம அனுப்பிட்டானுங்க."

"அதனால துப்பறியறவளைக் கூப்பிட்டீங்க" என்றார் மேடம்.

"கோளாறுன்னா மெக்கானிக் போதும். இது வேணும்னே செஞ்ச வேலை. யாருன்னும் எனக்குத் தெரியும். எனக்குச் சாட்சிதான் வேணும்."

அப்போது அவர் செல்போன் அடித்தது. துருக்கி எல்லையிலிருந்து லாரி டிரைவர் ஜிவ்கோ. ஸ்பீக்கரில் போட்டார்.

"முதலாளி, கால்நடை டாக்டர் சான்றிதழ் வந்துதா இல்லையா?"

"வந்துட்டே இருக்கு."

"நேத்தும் வந்துட்டேதான் இருந்துது. இந்தாங்க, நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க."

செல்போனை லாரிக்குள் நீட்டியிருப்பான் போல. ஆட்டுக்குட்டிகள் கத்துகிற சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. ஜூன் மாத வெயிலில், தகரக் கூண்டுக்குள், தண்ணீருக்காகக் கத்துகிற சத்தம். 

போகோமில் செல்போனை அணைத்துவிட்டு எங்களைத் தன் அறைக்கு இழுத்துப் போனார். காமிராப் படம் ஒன்றை ஓடவிட்டார். ஆளில்லாத நடைவழி. ஒரு பெண் பையோடு வருகிறாள். இரண்டு பக்கமும் பார்க்கிறாள். ஓர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

"ஸ்விலேனா. பத்திரப் பிரிவுல இருக்கா. அது லூபெனோட ரூம். என் தங்கச்சி மாக்தாவோட புருஷன். கம்ப்யூட்டர், கம்பி, சர்வர் எல்லாம் அவன்தான் பார்த்துக்கிட்டான். மாரடைப்புல போயிட்டான். வாசக் கதவுல பார்த்திருப்பீங்களே."

பார்த்திருந்தேன். இறந்த அன்று ஒட்டிய நோட்டீஸ், அதன் பக்கத்தில் நாற்பதாம் நாள் சடங்குக்குப் புதிதாக ஒட்டிய நோட்டீஸ். இரண்டிலும் அதே போட்டோ. யாரோ சொன்ன வேடிக்கையைக் கேட்டுச் சிரிக்கப் போகிற முகம்.

"இந்தப் படம் நாற்பதாம் நாள் சாயங்காலம் எடுத்தது" என்றார் போகோமில். "காலைல ஆபீஸே கல்லறைக்குப் போயிட்டு வந்துது. இவ மட்டும் வரலை. தலைவலியாம். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் தலைவலி விட்டுப்போச்சு போல. மறுநாள் காலைல ஒரு பத்திரமும் போகலை. மத்தியானம் ராஜினாமாவைக் கொண்டுவந்து நீட்டறா. வார்னாவுல இதே தொழில் செய்யற கம்பெனி கூப்பிட்டிருக்காம், வர்ற திங்கட்கிழமை சேரணுமாம். அந்த ரூமுக்குப் போனியான்னு கேட்டேன். போகவே இல்லைன்னு சாதிச்சா."

கேட்கும்போது எனக்கே எல்லாம் பொருந்தித்தான் வந்தது.

"ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். என் கிளாஸ்மேட்" என்றார் போகோமில். "அதுக்குள்ள நீங்க சாட்சி பிடிச்சுக் குடுத்தா நல்லது. குடுக்கலைன்னாலும் நான் இந்தப் படத்தைக் குடுப்பேன். வார்னாவுல ஒருத்தனும் அவளை வாசப்படி ஏத்த மாட்டான்."

ஸ்விலேனாவை வெளியே, லிண்டன் மரத்தடிக் காபி மெஷினுக்கு அழைத்து வந்தோம். முப்பத்தைந்து வயசிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். என் சில்லறையைப் போட்டு மூன்று காபி எடுத்தேன்.

"அந்த ரூமுக்குப் போனீங்களா?" என்றார் மேடம்.

"போனேன்."

"முதலாளிகிட்ட இல்லைன்னீங்க."

"ஆமா."

"எதுக்குப் போனீங்க?"

ஸ்விலேனா காபியையே பார்த்தாள். "நான் எதையும் கெடுக்கலை மேடம். இது சத்தியம். அதுக்கு மேல கேக்காதீங்க."

"இன்ஸ்பெக்டர் கேப்பார்" என்றேன் நான். "அவர் காபியும் வாங்கித் தர மாட்டார்."

அந்த நேரம் கறுப்பு உடுப்பில் ஓர் அம்மாள் வெளியே வந்தார். கணக்குப் பிரிவு மாக்தா. முதலாளியின் தங்கை, செத்துப்போன லூபெனின் மனைவி. மெஷினில் காசு போட்டு, ஒரு தட்டுத் தட்டி, தன் காபியை எடுத்தார்.

"எங்கண்ணன் ரொம்பக் கூச்சல் போட்டாரா?" என்று மேடத்திடம் கேட்டார். "அவர் அப்படித்தான். என் கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. எதுக்கு இவ்வளவு ரகளைன்னு எனக்குப் புரியலை."

ஸ்விலேனா பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஸ்விலேனாவின் கோப்பை ஆடி, சூடான காபி அவள் விரலில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. மாக்தா உள்ளே போனார்.

"சுட்டிருக்குமே" என்றார் மேடம்.

"என்னது?" என்றாள் அவள்.

உள்ளே திரும்பியதும் மேடம் ஒவ்வொரு மேசையாகப் போய் 'அட்டாச்' பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். உறைந்தது. உறைந்தது. மறுபடி உறைந்தது. சேர்க்கப் போகிற ஃபைல் சர்வரில் இருந்தாலும் சரி, அந்த மேசை மெஷினிலேயே இருந்தாலும் சரி, பொத்தானைத் தொட்டதும் செத்தது. ஜன்னலோர மேசைக்கு வந்தார். பட்டென்று திரையில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, எந்த ஃபைல் வேண்டும் என்று பணிவாகக் கேட்டது.

அந்த மேசைக்காரர் பெஞ்சோ, பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கையைத் தூக்கிவிட்டார். "அம்மா, என்னைச் சந்தேகப்படாதீங்க. இதை ஆன் பண்ணவே நான் இப்பதான் கத்துக்கிட்டேன்."

"நீங்க எப்போ சேர்ந்தீங்க சார்?"

"லூபென் காலமாகி ரெண்டு மூணு வாரம் கழிச்சு. அவரை நான் போட்டோவுலதான் பார்த்திருக்கேன்."

"அப்போ பத்திரத்தையெல்லாம் இவர் மெஷின்லயே அனுப்பலாமே?" என்றேன் முதலாளியிடம், பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி.

"கையெழுத்து போடற உரிமை இவருக்கு இல்லையே! சுங்கத்துல எழுதிக் குடுத்து வாங்க மாசமாகும்" என்று எரிந்து விழுந்தார் போகோமில்.

மேடம் ஸ்விலேனாவின் மேசைக்கு வந்து, குனிந்து, நெட்வொர்க் கம்பியை வெடுக்கென்று பிடுங்கினார். பிறகு பொத்தானை அழுத்தினார். ஜன்னல் சட்டென்று திறந்தது. அடுத்த நொடியே சாஃப்ட்வேர் தொடர்பு போய்விட்டது என்று அலறியது. அது வேறு விஷயம். ஜன்னல் திறந்தது.

"ஸ்தொயில், நீ ஸ்கூல்ல படிச்சியா?"

"போனேன் மேடம். படிச்சேன்னு சொன்னா எங்க வாத்தியாருங்க கேஸ் போட்டுடுவாங்க."

"வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கறார். ஒரு பேரைக் கூப்பிடறார். 'வரலை சார்'னு பக்கத்துப் பையன் சொன்னா அடுத்த பேருக்குப் போவார். யாருமே ஒண்ணும் சொல்லலைன்னா?"

"திரும்பக் கூப்பிடுவார். கொஞ்சம் சத்தமா."

"இந்த ஜன்னலும் அதைத்தான் செய்யுது. திறக்கறதுக்கு முன்னாடி, தனக்குத் தெரிஞ்ச ஒவ்வொரு டிரைவையும் பேர் சொல்லிக் கூப்பிடுது. ஏதோ ஒண்ணு இருக்கேன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. இது பாவம், கூப்பிட்டுக்கிட்டே நிக்குது."

"கம்பியைப் பிடுங்கினா?"

"ஸ்கூலே லீவுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்போ யாரைக் கூப்பிடணும்?"

கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு டிரைவ் பட்டியலைத் திறந்தார். கடைசியில் ஒரு பெயர், மேலே சிவப்புக் குறுக்குக் கோடு. எல். பக்கத்தில் 'லூபென்' என்று எழுதியிருந்தது.

சர்வர் வாங்குவதற்கு முன்னால் லூபென் தன் மெஷினையே ஆபீஸுக்குப் பொது அலமாரியாகத் திறந்து வைத்திருந்தாராம். சர்வர் வந்த பிறகு ஃபைல்கள் அங்கே போய்விட்டன. எல் டிரைவை மட்டும் யாரும் எடுக்கவில்லை. காலி அலமாரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"பெஞ்சோ சார் மெஷின்ல எல் கிடையாது" என்றார் மேடம். "அதை மாட்டிக் குடுக்க லூபென் உயிரோட இல்லை. அதான் உறையலை."

"அப்போ மாக்தா அம்மா மெஷின்? நல்லா ஓடுதுன்னாங்களே?" என்றேன். "அவங்க புதுசா சேர்ந்தவங்க இல்லையே. அந்த மெஷின்ல எல் இல்லாம எப்படி..."

எல்லையிலிருந்து ஜிவ்கோ மறுபடி கூப்பிட, போகோமில் அவனிடம் கத்த ஆரம்பித்தார். ஒரு குட்டி விழுந்துவிட்டதாம். மேடம் என் கேள்வியைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "லூபென் ரூமைத் திறங்க" என்றார்.

போகோமில், காமிராப் படத்தைப் பார்த்த பிறகு போட்ட பூட்டின் சாவியைக் கொடுத்தார், வாசலோடு நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா?"

"நாற்பது நாள் அவன் ஆத்மா வந்து போயிட்டு இருக்கும்னு, யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். மெஷின்கூட ஓடிட்டேதான் இருந்துது. அதுக்கப்புறமும் உள்ளே போக எனக்கு மனசு வரலை."

"சாஃப்ட்வேர்காரன், நெட்வொர்க்காரன்?"

"எட்டிப் பார்த்தாங்க. மேசைல போட்டோ, அதுல கறுப்பு ரிப்பன். நெட்வொர்க்காரன் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சு சிலுவை போட்டுட்டு, நடைவழிக் கம்பியைச் சோதிக்கப் போயிட்டான்."

வேறெந்த ஊரிலாவது ஒரு நெட்வொர்க்காரன், பழுதாகி நிற்கிற ஆபீஸில் ஒரு மெஷினைப் பார்க்காமல் மரியாதையோடு திரும்பிப் போவானா? எங்கள் ஊரில் போவான். நானும் போயிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாங்கள் இருவர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். மேசையில் மூக்குக்கண்ணாடி, அடியில் காபி காய்ந்து ஒட்டிய கோப்பை. மெஷின் செத்துக் கிடந்தது. விளக்கில்லை, சத்தமில்லை. எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூசு. விசைப்பலகையின் இடுக்கில் மட்டும் ஏதோ ஒன்று மாட்டியிருந்தது. மேடம் நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வெந்து காய்ந்த ஒரு கோதுமை மணி.

"எலி மேடம்" என்றேன். "கேஸ் முடிஞ்சுது. எலியைக் கைது பண்ணிடலாம்."

"எலி சர்க்கரை தூவிச் சாப்பிடுமா?"

மேசை விளிம்பைக் காட்டினார். தூசுக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு. நான் தொட்டு நாக்கில் வைத்தேன். பொடித்த சர்க்கரை. குப்பைக் கூடையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை, ஒரு ஸ்பூன். ஜன்னல் கட்டையில் மஞ்சள் மெழுகுச் சொட்டு.

"உங்க வீட்டுல நாற்பதாம் நாள் என்ன செய்வாங்க?" என்றார் மேடம்.

"கோதுமை வேகவெச்சு, சர்க்கரை தூவி, கல்லறைக்கு எடுத்துட்டுப் போவாங்க. மெழுகுவத்தி ஏத்துவாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து, அதுவரைக்கும் எரிஞ்சிட்டிருந்த விளக்கை..."

நிறுத்திவிட்டேன். செத்துக் கிடந்த மெஷினைப் பார்த்தேன்.

"அணைப்பாங்க" என்று மேடம் முடித்தார். "கல்லறைக்குப் போக முடியாத ஒருத்தி, எல்லாரும் போனப்புறம் இங்கே வந்து தனியாச் செஞ்சிருக்கா. வீட்டு விளக்கை அணைக்க அவளுக்கு உரிமை இல்லை. இங்கே எரிஞ்சிட்டிருந்தது இது ஒண்ணுதான்."

அதற்கப்புறம் அந்த அறையில் நான் ஜோக் அடிக்கவில்லை.

மேடம் பொத்தானை அழுத்தினார். மெஷின் ஒரு முனகல் முனகி, விசிறி சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பெரிய அறையிலிருந்து கூச்சல் கேட்டது. "திறந்துடுச்சு! எனக்கும் திறந்துடுச்சு!" போகோமில் ஓடினார். "சான்றிதழை அனுப்பு ஸ்விலேனா, சீக்கிரம் அனுப்பு!" என்று அவர் கத்துவது கேட்டது. இன்னும் சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டரிடம் பிடித்துக் கொடுக்கப்போகிறவளிடம்தான் கத்தினார்.

அவள் அனுப்பிவிட்டு வந்ததும் மேடம் அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். ஓடுகிற மெஷினைப் பார்த்தாள். மேடத்தின் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இதை அணைச்சதாலயா எல்லாம்?" என்றாள்.  "அந்த ஆட்டுக்குட்டிங்களும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயம் இல்லை" என்றார் மேடம். "நான் முதலாளிகிட்ட உள்ளதைச் சொன்னா இது நாசவேலை இல்லைன்னு ஆயிடும். நீங்க வார்னா போகலாம்."

"சொன்னா மாக்தா அக்காவுக்குத் தெரிஞ்சுடும்." எழுந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மேடம். நான்தான் கெடுத்தேன்னு எழுதித் தர்றேன். போலீஸ் கூட்டிட்டுப் போகட்டும். வார்னாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். புருஷனைப் பறிகுடுத்தவங்ககிட்ட போய், அவர் பாதி என்கிட்ட இருந்தார்னு சொல்லச் சொல்றீங்களா?"

மேடம் அவள் கையை மெதுவாக விடுவித்தார். "ஸ்தொயில், இவங்க கூட இரு. எனக்கு மாக்தாகிட்ட ஒரு கேள்வி இருக்கு."

"மேடம்!"

"உங்களைப் பத்தி இல்லை. அவங்க கம்ப்யூட்டரைப் பத்தி."

அவர் போன பிறகு நான் கதவைத் திரும்பச் சாத்தினேன். உண்மையைச் சொன்னால் ஒரு பெண்ணின் துக்கம் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் இன்னொருத்தியின் பிழைப்பு போகும்.  என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் அழவில்லை.

ஆறு மணி நெருங்கும்போது பெரிய அறையில் எல்லாரும் கூடினோம். மேடம் பேசினார். எல் டிரைவ், அட்டெண்டன்ஸ், அணைந்த மெஷின் எல்லாவற்றையும் எளிமையாகச் சொன்னார். "மெஷின் அணைஞ்சதுதான் காரணம். யாரும் எதையும் கெடுக்கலை. யாரும் ரூமுக்குள்ள போகக்கூடாதுன்னு நீங்க போட்ட உத்தரவாலதான் ஒரு வாரமா இதை யாரும் கண்டுபிடிக்கலை."

போகோமில் விடுவதாக இல்லை. "அணைஞ்சுதா, அணைச்சாங்களா?"

"அணைச்சாங்க."

"அப்போ காமிரா இருக்கே! எதுக்கு அணைச்சா? எதுக்குப் பொய் சொன்னா? அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க. இல்லைன்னா இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லட்டும்."

ஸ்விலேனா எழுந்தாள். "நான்தான் அணைச்சேன். வேணும்னேதான்..."

"நான் சொல்லித்தான் அணைச்சா" என்றார் மாக்தா.

எல்லாத் தலைகளும் திரும்பின. மாக்தா தன் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. கைகளை மேசைமேல் கோத்து வைத்திருந்தார்.

"நாற்பதாம் நாள் கல்லறையிலேருந்து வந்ததும் அந்த ரூமுக்குப் போகணும்னு நினைச்சேன் அண்ணா. முடியலை. இவளைக் கூப்பிட்டேன். கொஞ்சம் கோதுமையைக் குடுத்து, அவர் மேசைல வெச்சு, மெழுகுவத்தி ஏத்தி, மெஷினை அணைச்சுட்டு வந்துடுன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னேன். உங்களுக்குப் பயந்துதான். தொடாதேன்னு நீங்கதானே சொல்லியிருந்தீங்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் போகோமில். குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"புருஷன் விளக்கை அணைக்கத் தைரியம் வரலைன்னு உங்ககிட்ட வந்து சொல்லணுமா?"

 போகோமில் செல்போனை எடுத்து இன்ஸ்பெக்டரை வரவேண்டாம் என்றார். ஸ்விலேனாவிடம் போய், "மன்னிச்சுக்கோம்மா" என்றார். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மாக்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோதுமையை வேகவைத்தவள் அவள்தான் என்று அந்த அறையில் எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். மாக்தாவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆபீஸ் காலியானது. எல்லா மெஷின்களிலிருந்தும் எல் டிரைவை எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மேடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானே மாக்தா அம்மாகிட்ட சொன்னீங்க?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லலை. நீ கேட்ட கேள்வியைத்தான் கேட்டேன். உங்க மெஷின் ஏன் உறையலைன்னு."

"என்ன சொன்னாங்க?"

"அடக்கம் முடிஞ்ச வாரமே எல் டிரைவைத் தானே எடுத்துட்டாங்களாம். தினமும் காலைல அந்தப் பேரைப் பார்க்கப் பிடிக்கலையாம். துக்கத்தாலயான்னு கேட்டேன். இல்லை, ஆத்திரத்தாலன்னாங்க. ஸ்விலேனா விஷயம் மூணு வருஷமா அவங்களுக்குத் தெரியும் ஸ்தொயில்." மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்புறம் என் கையில இருந்த கோதுமை மணியைப் பார்த்துட்டு அவங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. 'கோதுமைக்குச் சர்க்கரை தூவியிருந்தாளா?'"

 கடைசி மெஷினிலும் எல் டிரைவை எடுத்துவிட்டு எழுந்தேன்.

லூபெனின் அறை வாசலில் ஸ்விலேனா பையோடு நின்றுகொண்டிருந்தாள். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றாள். நடைவழியின் மறுகோடியிலிருந்து மாக்தா வந்தார்.

"இனி அந்த மெஷினை அணைச்சா யாருக்காவது ஏதாவது ஆகுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதும்மா. இனிமே அதை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"மாக்தா அக்கா..." என்றாள் ஸ்விலேனா.

"உனக்காகச் சொல்லலை" என்றார் மாக்தா. முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "என் வீட்டுப் பேர் ஊர் வாயில விழ வேண்டாம்னு சொன்னேன். நீ திங்கட்கிழமை வார்னா போ. திரும்பி வராதே."

"சரிக்கா."

"வீட்டுல அவருக்கு வெச்ச விளக்கு நாற்பது நாள் எரியலை. வேணும்னே எண்ணெய் ஊத்தாம விட்டேன். மூணாம் நாளே அணைஞ்சு போச்சு. இங்கே ஒண்ணு எரிஞ்சுட்டிருந்துதுன்னு எனக்குத் தெரியாது." அவர் குரல் அங்கேதான் முதல் தடவையாக உடைந்தது. "நீ அணைச்சது செல்லாது. நான்தான் அவர் பெண்டாட்டி. நீ வெளியே நில்லு."

ஸ்விலேனா ஒதுங்கி வழிவிட்டாள். மாக்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் காத்திருந்தோம். ஸ்விலேனா கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். மேடம் கைப்பையை மூடித் திறந்து மூடினார். உள்ளே மெஷினின் விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் படியிறங்கிப் போகும்வரை அது நிற்கவே இல்லை.